இறைச்சிப் பானையில் காய்ச்சிய பால்

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நால்வர் நான் பெற்றவர்கள், ஐந்தாவது, நோர்வே வந்த பிறகு பிறந்த என் தங்கையின் மகள். அவளை வேறாக எண்ணியதில்லை. மூத்தவள் பல் வைத்தியர். இரண்டாவது ரயில் ஓட்டுகிறான். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில், எங்கள் யன்னலுக்குக் கீழே அவன் ரயில் போகிறபோது நேரத்துக்குத்தான் போகிறதா என்று மணிக்கூட்டைப் பார்ப்பேன். மற்ற மூவரும் யாருக்கும் பாரமில்லாமல் நன்றாக இருக்கிறார்கள். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்.

படிப்பு எனக்கு அவ்வளவாக ஏறவில்லை. நான்காம் வகுப்பு அரைவாசியில் எங்கள் தீவை விட்டு இங்கே நோர்வேக்கு வந்தேன். தமிழ் அங்கேயே நின்றுவிட்டது. நோர்வே மொழி காதால் ஏறியது, கையால் ஏறவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்திருக்கிறது.

எழுத வேண்டி வந்த காரணம் இது. ஒஸ்லோவில் யூதரின் செபக்கூடத்தில் ஓர் இளைஞர் குழு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொடங்கிய குழு. இப்போது அதன் வரலாற்றைப் புத்தகமாக்குகிறார்கள், பழைய ஆட்களைத் தேடிப் போய் நினைவில் இருப்பதைக் கேட்கிறார்கள். என்னிடமும் ஒரு பெடியன் வந்தான். நான் யூதப் பெண் இல்லை. தீவகத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தக் குழுவின் பட்டியலில் என் பெயர் இருந்ததும் இல்லை. பின்னே என்னை எதற்குக் கேட்கிறாய் என்றேன். பானைக் கதை தெரியாத ஆளே எங்களிடம் இல்லை, ஆனால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், அதனால் செய்தவரிடமே கேட்க வந்தேன் என்றான்.

செய்தவள் நான்தான். ஆகவே சரியான கதை இதுதான். அதில் வருகிறவர்கள் பேசியது நோர்வே மொழியில். ஆனால் எனக்கு அவர்கள் எங்கள் தமிழில் பேசியது போலத்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே சொல்கிறேன்.

அப்பா ஊரில் மீன்பிடிப் படகுகளின் இயந்திரம் திருத்தியவர். அங்கே வேலைக்கு வந்திருந்த நோர்வேக்காரர் ஒருவர் அப்பாவின் கைவேலையைப் பார்த்து இங்கே கப்பல் பட்டறையில் இடம் எடுத்துக் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து அம்மாவும் நானும் வந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. வீதியில் எங்களைக் கண்டால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டறையில் அப்பாவோடு வேலை செய்த ஒருவருடைய மனைவி ரூத். ஐம்பதை நெருங்கிய, குட்டையான, வேகமாக நடக்கிற பெண். செபக்கூடத்தோடு சேர்ந்த மண்டபத்தின் குசினி அவர் பொறுப்பில் இருந்தது. அவர்தான் அம்மாவுக்கு அங்கே வேலை கொடுத்தார். அம்மாவின் வாழ்க்கையில் முதல் வேலை அது.

அந்தக் குசினிக்கு முறைகள் இருந்தன. யூதர்கள் இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சேர்க்க மாட்டார்கள், சமைக்கிற பாத்திரமும் வேறு வேறு. இறைச்சிப் பானைகளின் கைப்பிடியில் சிவப்பு வர்ணம், பால் பாத்திரங்களில் நீலம். அலுமாரி வேறு, கழுவுகிற தொட்டியும் வேறு. ரூத் இதையெல்லாம் கையால் காட்டிக் காட்டி விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா கேட்டுவிட்டு, “இதிலை என்ன புதினம் இருக்கு? எங்கட வீட்டிலை மீன்சட்டியிலை ஆர் பால் காய்ச்சினது?” என்றார். ரூத்துக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கே குசினிப் பூட்டின் திறப்பை அம்மாவிடம் கொடுத்து, ஒன்றே ஒன்று சொன்னார்: குசினி திறந்திருக்கிற நேரத்தில் பெரிய ஆள் ஒருவர் உள்ளே நிற்க வேண்டும். அம்மா அந்தத் திறப்பை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார், அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில்.

ஞாயிறு தோறும் இளைஞர் குழு மண்டபத்தில் கூடும். அம்மாவோடு நானும் போவேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு விளையாட ஒருத்தரும் இல்லை. இங்கே பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் மேசைப்பந்து அடிப்பார்கள், பாட்டுப் பழகுவார்கள், மலைக்குப் போகத் திட்டம் போடுவார்கள். மாதம் ஒருமுறை சொந்தமாக ஒரு பத்திரிகையும் அச்சடிப்பார்கள். அச்சடிக்கிற இயந்திரம் சின்னது, கையால் சுற்ற வேண்டும், ஸ்பிரிட் மணக்கும். குழுத் தலைவி மிரியம், கரகரத்த குரல்காரி, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அதன் கைப்பிடியை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து சுற்றுகிற வேலை என்னுடையது. அந்த வேலைக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன். யாராவது, நீ எங்கள் ஆள் இல்லை, இனி வராதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் அதோடு சேர்ந்தே இருந்தது.

அது பனிக்காலம். ஸ்டொக்ஹோமிலிருந்தும் கொப்பன்ஹேகனிலிருந்தும் இளைஞர்கள் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள். ஞாயிறு மத்தியானம் எல்லோருமாகப் பனியில் சறுக்கி விளையாடப் போனார்கள், ஐந்து மணிக்குத்தான் திரும்புவார்கள் என்று பேச்சு. ரூத் பாண் ரொட்டியும் மீனும் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். பக்கத்துத் தெருவில்தான் எங்கள் கோயில். பின்னேரப் பூசைக்கு மணி அடித்தது. அம்மா அந்த ஞாயிறு காலைப் பூசையைத் தவறவிட்டிருந்தார். மணியைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, “ஒரு மணித்தியாலத்திலை ஓடி வந்திடுவன். கிளாசுகளைத் துடைச்சு அடுக்கு. வேறை ஒண்டிலையும் கை வைக்காதை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே பனி மழையாக மாறியது. அதனால் அவர்கள் நான்கு மணிக்கே வந்துவிட்டார்கள். முப்பது பேர் இருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பல் கிட்ட, சூடேற்றியைச் சுற்றி நின்றார்கள். குசினிக் கதவிடுக்கால் அவர்களைப் பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்த ஆட்கள், நனைந்து நிற்கிறார்கள், ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்க ஆள் இல்லை. எங்கள் வீட்டில் இப்படி நடந்தால் அம்மா ஒரு மாதம் வெளியே தலைகாட்ட மாட்டார். அந்த வெட்கம் முழுவதும் என் தலையில் வந்து இறங்கியது.

நீலக் கைப்பிடிப் பாத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறு பேருக்குத்தான் காணும். முப்பது பேருக்குக் காணக்கூடியது ஒன்றுதான் இருந்தது, சிவப்புக் கைப்பிடிப் பெரிய பானை. அது இறைச்சிப் பானை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பிறகு சிலர் எனக்காகப் பரிந்து சொன்னார்கள், அது சரியில்லை. ஆனால் ஊரில் மீனும் இறைச்சியும் விடுகிற தபசுகாலம் வருகிறபோது அம்மா என்ன செய்வார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. மீன் காய்ச்சிய சட்டியைப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவுவார், மணம் போய்விடும், பிறகு அதில் கஞ்சி வைக்கலாம். புளியும் சாம்பலும் இங்கே இல்லை. உப்பும் வினாகிரியும் இருந்தன. மூன்று தரம் தேய்த்தேன், மூன்று தரம் அலசினேன். மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இவர்கள் கடவுளுக்குப் பயந்து செய்கிற காரியமாயிற்றே, வெறும் உப்பும் வினாகிரியும் போதுமா என்று தோன்றியது. என் குளிர்ச்சட்டைப் பையில் சின்னப் போத்தல் ஒன்று இருந்தது. மடு மாதா கோயில் தீர்த்தம், ஊரை விட்டு வருகிறபோது பெரியம்மா கொடுத்துவிட்டது. அதைத் திறந்து பானைக்குள் மூன்று துளி விட்டேன். சிலுவை அடையாளமும் போட்டேன். இனி ஒரு குறையும் இல்லை என்ற நிம்மதியோடு பாலை ஊற்றினேன்.

தேயிலை எங்கள் வீட்டிலிருந்து அம்மா கொண்டுவந்து வைத்திருந்தது. சீனி தாராளமாகப் போட்டேன். முப்பது கிளாசிலும் ஆவி பறக்க ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அவர்கள் குடித்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். கொப்பன்ஹேகன் பெடியன் ஒருவன், நெட்டையன், இரண்டாவது கிளாஸ் கேட்டான். மிரியம் என் தலையைத் தடவி, “எங்கட ஆளைப் பாத்தியளோ” என்று வந்தவர்களுக்குக் காட்டினாள்.

எங்கட ஆள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் இருந்த நேரம் ஐந்து நிமிடம் இருக்காது. வெறும் கிளாசுகளோடு குசினிக்குள் வந்த மிரியம் அடுப்பைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“இது எந்தப் பானை?”

“பெரிய பானை” என்றேன்.

“கைப்பிடி என்ன நிறம்?”

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

செய்தி மண்டபத்துக்குப் போன பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிளாசுகளை எல்லாம் எறிய வேண்டும் என்றாள் ஒருத்தி. கண்ணாடி ஒன்றையும் உறிஞ்சாது, தாத்தா சொல்லியிருக்கிறார் என்றான் இன்னொருவன். உன் தாத்தா பல்லுக் கட்டுகிறவர், அவருக்கு என்ன தெரியும் என்றாள் அவள். ஸ்டொக்ஹோம் பெண்ணொருத்தி அழத் தொடங்கினாள். நெட்டையன் மட்டும் பானைக்குள் எட்டிப் பார்த்து, “தீர்ப்பு வருமட்டும் மிச்சத்தைக் குடிக்கலாமோ?” என்று கேட்டு நாலு பேரிடம் ஏச்சு வாங்கினான். நான் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ரூத் பாண் கூடையோடு வந்தார். அவருக்குப் பின்னால், முக்காடு நனைய, அம்மா வந்தார். அம்மாவுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. சிவப்புக் கைப்பிடியையும் பானை விளிம்பில் காய்ந்திருந்த பாலாடையையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழுத்திலிருந்த நூலைக் கழற்றித் திறப்பை மேசையில் வைத்தார்.

“அவவுக்குச் சொல்லு. குசினியை விட்டிட்டுப் போனது என்ரை பிழை. பிள்ளையிலை குற்றமில்லை. நாளையிலிருந்து நான் வர மாட்டன் எண்டு சொல்லு.”

இதை நான் எப்படிச் சொல்வேன்? அம்மா வராவிட்டால் நானும் வர முடியாது. அம்மா காலையில் எழுந்து அந்தத் திறப்பைக் கழுத்தில் போடுகிறபோது அவர் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் ரூத்தைப் பார்த்து, “அம்மா சொல்லுறா, பானையை நல்லா மினுக்கித் தாறாவாம்” என்றேன்.

ரூத் மேசையைப் பார்த்தார்.

“பானை மினுக்கிறவை ஆரும் திறப்பைக் கழட்டி வைக்கிறேல்லை” என்றார்.

அந்த வருடங்களில் ஒஸ்லோவில் அவர்களுக்கென்று குருவானவர் இருக்கவில்லை. ரபி என்று சொல்வார்கள். இப்படி ஒரு கேள்வி வந்தால் கொப்பன்ஹேகன் ரபிக்குத் தொலைபேசி எடுத்துத்தான் கேட்க வேண்டும். ரூத் எடுத்தார். மண்டபம் முழுவதும் வந்து அவரைச் சுற்றி நின்றது. நடந்ததைச் சொன்னார். அங்கிருந்து ஏதோ கேட்டார்கள். ரூத் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இந்தப் பானையிலை கடைசியா எப்ப இறைச்சி சமைச்சது எண்டு அம்மாட்டைக் கேள். அவ சொல்லுறதை அப்படியே சொல்லு. ஒரு சொல்லும் கூட்டாதை, குறையாதை.”

கேட்டேன். அம்மா நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். “வெள்ளிக்கிழமை பின்னேரம் கோழி சூப் வைச்சது. சாப்பாடு முடிய நானே கழுவிக் கவிட்டு வைச்சனான். அதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் அதை ஒருத்தரும் தொடேல்லை. தொட ஏலாது. திறப்பு என்ரை கழுத்திலை கிடந்தது.”

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். ரூத் அதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அங்கே கேட்டதை மறுபடி என்னிடம் கேட்டார். “பாலைத் தவிர வேறை ஏதும் அதுக்குள்ளை போட்டனியோ?”

தேயிலை, சீனி என்றேன். வேறே? சற்று முன்புதான் அம்மாவின் சொல்லை மாற்றிச் சொல்லிப் பிடிபட்டிருந்தேன். இப்போதும் ஒன்றை மறைத்தால், அம்மா சொன்ன வெள்ளிக்கிழமையையும் யாரும் நம்பாமல் போய்விடுவார்கள் என்று தோன்றியது. அந்த வயதில் எனக்கு வந்த ஒரே புத்தி அதுதான். போத்தலை எடுத்துக் காட்டி, மடு மாதா கோயில் தீர்த்தம் விட்டேன் என்றேன். சிலுவை போட்டதையும் சொன்னேன்.

ரூத் ஒரு மாதிரிக் குரலில் அதைத் தொலைபேசிக்குச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி.

“எவ்வளவு விட்டனி எண்டு கேக்கிறார்.”

“மூண்டு துளி.”

ரூத் சொன்னார். கேட்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். “தண்ணி தண்ணிதானாம்” என்றார். முதலில் நெட்டையன் சிரித்தான், பிறகு மண்டபமே சிரித்தது. அம்மா என் தோளைப் பிடித்து “என்னவாம், என்னவாம்” என்று கேட்டார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

தீர்ப்பு இதுதான். இறைச்சி சமைத்து ஒரு முழு நாளுக்கு மேல் ஆகிவிட்டதால் தேத்தண்ணி குடித்ததில் குற்றமில்லை, கிளாசுகளும் எறிய வேண்டாம். பானையை ஒரு நாள் சும்மா வைத்து, பிறகு விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, பொங்கி வழிய வழியக் கொதிக்க வைத்தால் சரி. எல்லாம் வெள்ளிக்கிழமை என்ற அந்த ஒரு சொல்லில் நின்றது. தொலைபேசியை வைத்துவிட்டு ரூத் அம்மா பக்கம் திரும்பினார். “கழுவின பொம்பிளையின்ரை சொல்லை நம்பலாமோ எண்டு கேட்டவர். என்ரை சொல்லைவிட நம்பலாம் எண்டு சொன்னனான். இதை அம்மாவுக்குச் சொல்லு.”

சொன்னேன். அம்மா நனைந்த முக்காட்டைச் சரிசெய்தார். ரூத் மேசையிலிருந்த நூலை எடுத்து அம்மாவின் கழுத்தில் தானே போட்டுவிட்டார்.

அதோடு எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. தீர்ப்பு வந்த பிறகுதான் சண்டை சூடுபிடித்தது. அந்தத் தீர்ப்பு ஏன் சரி என்று ஒரு கூட்டம், அது ஏன் போதாது என்று ஒரு கூட்டம். நெட்டையன் மேசையில் ஏறி நின்று பேசினான். மிரியம் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். இடையே ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, இதெல்லாம் அடுத்த பத்திரிகையில் வரும், கைப்பிடி சுற்ற நேரத்துக்கு வந்துவிடு என்றாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். ரூத் கதவோரமாக நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீலையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அழுகிறார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அம்மாவிடம் சொன்னேன், பானை பழுதாய்ப் போய்விட்டதென்று ரூத் அழுதார் என்று. அம்மா வழி முழுவதும் யோசித்துக்கொண்டே வந்தார். அடுத்த கிழமை அம்மாவும் அப்பாவும் புதிதாக ஒரு பெரிய பானை வாங்கினார்கள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த வர்ணத்தால் அப்பா அதன் கைப்பிடிகளுக்கு நீலம் பூசினார். பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம், முப்பது பேருக்குப் பால் காய்ச்ச. ரூத் அதை வாங்கிக்கொண்டு சிரித்தார், பிறகு மறுபடி அழுதார். பானை போனாலும் அழுகிறார், வந்தாலும் அழுகிறார், என்ன பெண் இவர் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

என் மூத்தவள் பிறந்தபோது ரூத் பார்க்க வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோதுதான், அந்தப் பானைக்காக ஏன் அப்படி அழுதீர்கள் என்று கேட்டேன். பானையா, என்ன பானை என்றார். போருக்கு முன் அவரும் அதே மண்டபத்தில், அதே குழுவில் இருந்த பிள்ளையாம். யூதர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது அவர் காட்டு வழியாக நடந்து சுவீடனுக்குத் தப்பினார். தப்ப முடியாதவர்களைக் கப்பலில் ஏற்றி ஜேர்மன்காரரின் கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் அநேகமாக ஒருவரும் திரும்பவில்லை. போர் முடிந்து ரூத் வந்தார். குழு மறுபடி கூடிய முதல் ஞாயிறு, பழைய கணக்கிலேயே பணியாரம் சுட்டுக்கொண்டு போனாராம். வந்தது ஐந்து பேர். அந்த நீள மேசையின் ஒரு மூலையில் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்களாம்.

“நாங்கள் அஞ்சு பேரும் கனகாலம் வாக்குவாதப்பட்டதேயில்லை” என்றார் ரூத். “ஒருத்தர் கோவிச்சுக்கொண்டு போனா நாலு பேராய்ப் போயிடுவம் எண்டு பயம். ஆர் என்ன சொன்னாலும் ஓம், ஓம் எண்டு இருந்தம். அண்டைக்கு அந்தப் பெடியன் மேசையிலை ஏறி நிண்டு கத்தினவன் பார். அதைக் கேக்க எனக்கு இருபத்தைஞ்சு வருசம் எடுத்தது.”

பத்து வயதில் அது எனக்கு எங்கே விளங்கும்? சத்தம் போட்டால் சண்டை, கண்ணீர் வந்தால் கவலை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சரி பிள்ளை, எழுதினது காணும். இனி முதலிலையிருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. எங்கையாவது பிழையெண்டு பட்டால் நிப்பாட்டிச் சொல்லு. ஓம், ஓம் எண்டு போகாதை. அம்மம்மா கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போகமாட்டன்.